கபாப் மட்டும்தானா?

கேள்வி: துருக்கிக்குச் சுற்றுலா போகிறோம். கபாப் தவிர அங்கே என்ன சாப்பிடலாம்?

பதில்: ஊருக்கு ஊர் சமையல் மாறுகிற நாடு அது. கருங்கடல் கரையில் நெத்திலிக்குத்தான் மவுசு. கைசேரியில் மன்ட்டி: இறைச்சி பொதிந்த குட்டி மாவுக் கொழுக்கட்டை, ஒரு கரண்டியில் நாற்பது அடங்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பெருமை. மேலே பூண்டுத் தயிரும் உருக்கிய வெண்ணெயும்.

நாட்கள் குறைவென்றால் நேரே காசியான்டெப் போய்விடுங்கள். காலையிலேயே பெய்ரான் கிடைக்கும்: ஆட்டிறைச்சி, சோறு, பூண்டு, மிளகாய் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க வரும் சூப். பிறகு பக்லாவா. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய மாவு ஏடுகள், நடுவே பச்சைப் பசேலென்று பிஸ்தா. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். வாங்கிய சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள், மொறுமொறுப்பு அப்போதுதான்.