அப்பொலினேருக்குக் கமா போடலாமா?

கேள்வி: கியோம் அப்பொலினேரின் ‘அல்கோல்’ கவிதைகளைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், ஐயா. நூல் முழுக்க ஒரு கமாகூட இல்லை. அப்படியே விட்டால் குழப்புகிறது என்கிறார்கள் நண்பர்கள். நானாகப் போட்டுவிடலாமா? அவருடைய சிறுகதைகளையும் படிக்க வேண்டுமா, கவிதை மட்டும் போதுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: போடாதீர்கள், அம்மா. அந்தக் கவிதைகளில் சில பத்திரிகையில் வந்தபோது குறிகள் இருந்தன. 1913இல் நூலாகும்முன், மெய்ப்புத் திருத்தும்போது அவரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். வரியின் தாளமும் அது முறியும் இடமுமே நிறுத்தக்குறி என்பது அவர் கருத்து.

‘மிராபோ பாலம்’ கவிதையின் தொடக்கத்தையே பாருங்கள். காதலைச் சொல்லும் தொடர் ஆற்றோடு ஓடுகிறதா, அடுத்து வரும் நினைவோடு சேர்கிறதா? நன்னூல் படித்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். தாப்பிசைப் பொருள்கோள் என்போமே, நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் போய்ப் பொருள் தருவது, அதுதான் இது. சிக்கல் நம் வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘நினை’ என்று வினை வைத்தால் ‘காதலை’ என்று ‘ஐ’ ஏறிவிடும். ஆற்றோடு இருந்த உறவு அறுந்துபோகும். ‘நினைவுக்கு வா’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காதலும்’ எழுவாயாகவே நிற்கும், இரண்டு பக்கமும் ஆடும். இப்படித் திருத்திய படியை நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குறிகளே இல்லாத ஓலைச்சுவடிகளில்தானே நம் செய்யுள்கள் இத்தனை காலம் வாழ்ந்தன!

சிறுகதைகளைக் கட்டாயம் படியுங்கள். 1902இல் அவர் பிராக் நகருக்குப் போனார். அந்த அனுபவம் ‘பிராகின் வழிப்போக்கன்’ கதையாயிற்று. 1910இல் வந்த தொகுப்பில் அதுதான் முதல் கதை. சாக முடியாமல் யுகயுகமாக அலையும் யூதர் ஒருவர் கதைசொல்லிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். எபிரேய எழுத்துகள் பதித்த, முள் எதிர்ப்பக்கம் சுற்றும் கடிகாரம் அங்கே வருகிறது. அதே கடிகாரம் ‘ஸோன்’ கவிதையிலும் இருக்கிறது. கதையில் ‘இடஞ்சுழியாக’ என்று எழுதினாலும் பழுதில்லை. கவிதையில் அது ஆகாது. அங்கே அடுத்த வரியிலேயே மனிதனின் வாழ்க்கையும் மெல்லத் திரும்பிப் போகிறது. முள்ளுக்கும் வாழ்க்கைக்கும் சேர்த்துப் பொருந்துவது ‘பின்னோக்கி’ என்ற சொல்தான். கதையைப் படிக்காமல் கவிதைக்குள் போயிருந்தால் அந்தக் கடிகாரத்தை வெறும் கற்பனை என்றே நான் நினைத்திருப்பேன்.

ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்திவிடாதீர்கள். புனித வீத்துஸ் பேராலயத்தில் தன் முகத்தைக் கல்லில் கண்டு திடுக்கிடுவது இரண்டிலும் உண்டு. கதையில் அது செவ்வந்திக்கல், பார்ப்பது ‘நான்’. கவிதையில் அகேட் கல், பார்ப்பது ‘நீ’. என் முதல் படியில் இரண்டையும் ஒரே கல்லாக்கிவிட்டு, அச்சுக்குப் போகும் முன்தான் மாற்றினேன்.