துயருற்றோரைச் சந்தித்தல்

(குடும்பங்களுக்கும் அன்பியங்களுக்குமான பாடம்)



பசித்தோர்க்கு உணவளித்தல், ஆடையற்றோரை உடுத்துதல், நோயாளரைச் சந்தித்தல் என்னும் இரக்கச் செயல்களை நாம் சிறுவயதிலேயே மனனஞ் செய்திருக்கிறோம். இவற்றுட் சிலவற்றைப் பணத்தாலும் பொருளாலும் செய்துவிடலாம். சந்தித்தலுக்கோ நாமே நடந்து போகவேண்டும். அரிசிப் பொதியை லொறியில் ஏற்றி அனுப்பலாம். ஆறுதலை அவ்வாறு அனுப்ப முடியாது.

அழிவு நேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் செல்கிறார்கள். மாதங்கள் பல கடந்தபின், இன்னும் வீடின்றி இருப்போரிடம் செல்பவர் மிகச் சிலரே. அந்தப் பிந்திய காலத்தைப் பற்றியதே இன்றைய பாடம்.

மீரியபெத்தை தரும் படிப்பினை

பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை, மழையில் ஊறிய மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதையுண்டோரிற் பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. எஞ்சியோர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் காலங் கழித்தனர். அவர்களுக்கென 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016-ஆம் ஆண்டிலேயே.

அவ்விடம் ஆபத்தானது என 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 'அப்படியானால் ஏன் வெளியேறவில்லை?' என்று நாம் கேட்கக்கூடும். லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று. போய்க் குடியேற வேறு காணியும் இல்லை. வேலையும் குடியிருப்பும் ஒரே தோட்டத்தோடு பிணைந்தவை. எங்கே போவது என்று சொல்லாமல், போய்விடு என்று மட்டும் சொன்னால் அந்த ஏழை என்ன செய்வான்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன. இத்தகைய ஊர் ஒன்று எழுந்து நிற்க எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு மீரியபெத்தையே சான்று.

மறைநூல் காட்டும் வழி

யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாய்பேசாது அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, அவருடைய பாவமே துன்பத்திற்குக் காரணம் என்று விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். சிலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோதும், மாண்டவர்கள் மற்றவரிலும் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை மறுத்தார் (லூக். 13). ஆகவே, துயருற்றவர் முன்னிலையில் 'இது கடவுளின் தண்டனை' என்று கூறக் கிறிஸ்தவனுக்கு உரிமையில்லை.

தேவமாதா மலைநாட்டிலிருந்த எலிசபெத்தம்மாளைக் காணச் சென்றார். வாழ்த்துக் கூறிய உடனே திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். 2025 யூபிலி ஆண்டில், துன்பத்திலும் தனிமையிலும் இருப்போரை உரிய நேரம் ஒதுக்கிச் சந்திப்பதைக் கிறிஸ்துவை நோக்கிய திருயாத்திரையாகவே திருச்சபை மதித்தது. யூபிலி ஆண்டு முடிந்துவிட்டது, யாத்திரை முடியவில்லை.

செல்வோர் கவனிக்க வேண்டியவை

1. தனியே புறப்படாதீர்கள். அவ்விடத்துப் பங்குத் தந்தையிடம் அல்லது ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தோட்டத்தில் வேலை நாளிற் சென்றால், உங்களுக்காக வீட்டில் நிற்பவருக்கு அன்றைய பேர் இல்லாமற் போகும்.

2. தேவையைக் கேட்டறிந்த பின்பே பொருள் சேருங்கள். நாம் உடுக்க வெட்கப்படும் பழந்துணியை ஏழைக்குக் கொடுப்பது தருமமாகாது.

3. கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் படம் பிடிக்காதீர்கள்.

4. இறந்தோரின் பெயரைச் சொல்லி அவர்கள் அழுதால் பேச்சை மாற்றாதீர்கள். உடல் கிடைக்காதவர்களுக்குப் பெயர்தான் எஞ்சியிருக்கிறது.

5. லயத்தில் கத்தோலிக்கர் இரண்டு வீட்டார் இருக்கலாம், மற்றையோர் சைவர்களாயிருக்கலாம். எல்லா வாசலிலும் நில்லுங்கள். உதவியைக் காட்டி மதத்திற்கு இழுப்பது தகாது. ஏழைகளிடத்தில் வற்புறுத்தலின் சாயல்கூடக் கூடாதென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாகவே கூறியுள்ளது.

6. அவர்கள் தரும் வெறுந்தேநீரை மறுக்காதீர்கள். கொடுக்க ஏதோ ஒன்று தங்களிடமும் உண்டு என்பதே அவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

7. மறுபடியும் செல்லுங்கள். காணி உறுதி கிடைத்ததா, பிள்ளை பாடசாலைக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். வேண்டுமாயின் அவர்களோடு அலுவலகப் படியும் ஏறுங்கள். நீதியைக் கேட்டு உடன் நிற்பதும் இரக்கச் செயலே.

சிந்தனைக்கு

செபமாலைக்குப் பின் குடும்பமாக அமர்ந்து இவற்றைப் பேசுங்கள்:

அ. 2004 டிசெம்பர் 26, திருக்குடும்ப ஞாயிறன்று, கடல் நம் கரையோர ஊர்களை அழித்தது. அப்போது நம்மிடம் வந்தவர்களுள் யாரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறோம்? ஏன்?

ஆ. துன்பப்பட்டவரைக் குறைகூறிப் பேசும் வழக்கம் நம் வீட்டில் உண்டா?

இ. இந்த ஆண்டில் நம் அன்பியம் எந்த ஓர் ஊரைத் தன் சொந்தமென ஏற்கலாம்?

மூன்றாம் கேள்விக்கு ஓர் ஊரின் பெயரையும் ஒரு திகதியையும் எழுதி வைத்த பின்பே இப்பாடத்தை முடியுங்கள்.