கேளிக்கைப் பூங்காக்கள் தரம் காக்கின்றனவா?

பின்வரும் கட்டுரையை வாசித்து, முதன்மைக் கருத்துகளையும் அவற்றுக்கான சான்றுகளையும் அடையாளம் காண்க.

பள்ளி விடுமுறை நெருங்கினால், “இந்த முறை எங்கே போகலாம்?” என்ற பேச்சு குருபோங் வட்டாரக் குடும்பங்களில் எழுவது இயல்பு. மலாக்கா நகருக்கு வடக்கே உள்ள இவ்வூரிலிருந்து ஆயர் குரோ அதிகத் தொலைவில் இல்லை. அங்கே மினி மலேசியா பூங்காவும் விலங்குத் தோட்டமும் இருக்கின்றன. அலோர் காஜா பக்கம் சென்றால் நீர்ப்பூங்காவும் வனவிலங்குப் பூங்காவும் கொண்ட ஆ ஃபமோசா உல்லாசத் தளம் உண்டு. நெடுந்தூரம் செல்ல நினைப்போர் சன்வே லகூன், கெந்திங் மலை, ஜொகூரில் உள்ள லெகோலேண்ட் ஆகிய இடங்களை நாடுவர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று நுழைவுச்சீட்டு, உணவு, பெட்ரோல், நெடுஞ்சாலைக் கட்டணம் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டால், அந்த ஒரு நாள் செலவுக்குப் பல மாதங்கள் சேமிக்க வேண்டியிருக்கும். ஆகவே, கொடுக்கும் பணத்திற்கு ஏற்ற தரத்தையும் புதுமையையும் பெரிய பூங்காக்கள் தருகின்றனவா என்ற கேள்வி நியாயமானது.

தரமும் புதுமையும் ஒன்றல்ல. இதுவரை இல்லாத ஒன்றை அறிமுகப்படுத்துவது புதுமை. அறிமுகப்படுத்தியதை ஒவ்வொரு நாளும் பழுதின்றி, தூய்மையாக, பாதுகாப்பாக வழங்குவது தரம். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலேண்ட், இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. அதற்கு முன்பு இராட்டினங்களும் விளையாட்டுகளும் ஒரு திடலில் கலந்து கிடப்பதே பெரும்பாலும் வழக்கம். டிஸ்னியோ பூங்காவைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதையையும் அதற்கேற்ற கட்டடங்களையும் அமைத்தார். இன்று ‘கருப்பொருள் பூங்கா’ எனப்படும் வடிவம் அதன் வழியே உலகெங்கும் பரவியது.

புதுமை மட்டுமே ஒரு பூங்காவை நிலைநிறுத்துவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. கோம்பாக்கில் 1975இல் திறக்கப்பட்ட மிமாலேண்ட், அக்காலத்தில் பலரைக் கவர்ந்த பொழுதுபோக்கு இடமாகும். எனினும், 1994இல் அது மூடப்பட்டது. 2007இல் கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிக்கரையில் சுழன்ற ‘ஐ ஆன் மலேசியா’ இராட்டினம் பின்னர் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே இங்கிருந்தும் அகற்றப்பட்டது. ஈப்போவில் 50 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட செலவில் உருவான மேப்ஸ் அசைவூட்டப் பூங்காவின் கதை இன்னும் அண்மையது. அதன் திறப்பு பலமுறை தள்ளிப்போனது. 2017 ஜூன் மாதம் கதவுகள் திறந்தபோதும் எல்லாப் பகுதிகளும் ஆயத்தமாகவில்லை. 2020 ஜனவரியில் அது மூடப்பட்டது. நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான். எனவே, அப்பூங்கா மூடப்பட்டதற்கு அந்த ஆணை காரணமன்று. ‘புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும்’ என்பது பழமொழி. விளக்குமாறு பழையதான பிறகும் நன்றாகப் பெருக்குகிறதா என்பதே உண்மையான சோதனை.

புதுமைக்கு வேறோர் இடரும் உண்டு. இரவல் வாங்கிய கதையை நம்பித் திட்டமிட்டால், கதையின் உரிமையாளர் எடுக்கும் முடிவு திட்டத்தையே அசைத்துவிடும். கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. அதே இடத்தில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் புதிய பூங்கா அமையும் என அறிவிக்கப்பட்டது. கட்டுமானம் நீண்டுகொண்டே போனது. இதற்கிடையில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கும் ஏற்பாடு நடந்தது. 2018இல் விவகாரம் நீதிமன்றத்திற்குச் சென்று, மறு ஆண்டில் இணக்கம் காணப்பட்டது. இறுதியில், ‘கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ்’ என்ற வேறு பெயரில் ஒன்பது பகுதிகளுடன் 2022 பிப்ரவரியில்தான் அப்பூங்கா திறக்கப்பட்டது. பழைய பூங்கா மூடியபோது தொடக்கப்பள்ளியில் காலெடுத்து வைத்த பிள்ளை, புதிய பூங்கா திறந்தபோது இடைநிலைப்பள்ளி மாணவராகியிருந்தார்.

சன்வே லகூன் இதற்கு மாறான பாதையில் வளர்ந்தது. ஈயம் தோண்டி எடுத்த பின் பயனற்றுக் கிடந்த பெரும் பள்ளமே அதன் நிலம். பள்ளத்தை நிரப்பி மறைக்காமல், அதன் ஆழத்தையே பூங்காவின் அழகாக மாற்றினர். நீர் விளையாட்டுகள் கீழே அமைந்தன. மேலே 428 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலம் ஒன்று பள்ளத்தைக் கடந்து செல்கிறது. 1990களில் திறக்கப்பட்ட பின், அப்பூங்கா ஒரே மூச்சில் பெருகிவிடவில்லை. வனவிலங்குப் பகுதி, சாகசப் பகுதி, 2016இல் நிக்கலோடியன் கதாபாத்திரங்களுக்கான நீர்ப்பகுதி எனப் படிப்படியாக விரிந்தது. குறை என்று கருதப்பட்ட நிலத்திலிருந்தே அங்கே புதுமை பிறந்தது.

வெளிநாட்டில் தோக்கியோ டிஸ்னிலேண்ட் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. 1983இல் திறக்கப்பட்ட அப்பூங்காவை டிஸ்னி நிறுவனம் நேரடியாக நடத்துவதில்லை. உரிமம் பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடத்துகிறது. கதைகள் இரவல்தான். ஆயினும், அவற்றை வழங்கும் ஒழுங்கு அவர்களுடையது. வருகையாளர்கள் வெளியேறிய பின், இரவு முழுவதும் துப்புரவும் பராமரிப்பும் நடைபெறுகின்றன. இந்த அடித்தளத்தின்மீதுதான் 2001இல் இரண்டாவது பூங்காவான டிஸ்னிசீயும், 2024 ஜூன் மாதம் அதனுள் ஒரு புதிய பகுதியும் சேர்க்கப்பட்டன. பழையதைப் பேணத் தெரிந்தவர்களுக்குப் புதியதைச் சேர்க்கும் தகுதி தானே வருகிறது.

பராமரிப்பு என்றால் வண்ணம் பூசுவது மட்டுமன்று. ரோலர் கோஸ்டர் ஒன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். அதன் தடம் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவில் ஒரே நேரத்தில் ஒரு வண்டித்தொடர் மட்டுமே இருக்கலாம். முன்னே செல்லும் தொடர் அடுத்த பிரிவை விட்டு அகன்றதை உணரிகள் கணினிக்குத் தெரிவிக்கும். அதன் பிறகே பின்னால் வரும் தொடருக்கு வழிவிடப்படும். ஐயம் ஏற்பட்டால் கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காலையில் மக்கள் வருமுன் பணியாளர்கள் தடத்தையும் இருக்கைப் பூட்டுகளையும் சோதித்து, ஆளில்லாத வண்டிகளை ஓடவிட்டுப் பார்ப்பர்.

இத்தகைய நுட்பம் இருந்தும் 2015 ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டரில் விபத்து நேர்ந்தது. தடத்தில் ஆளில்லாத வண்டி ஒன்று நின்றிருந்தது. அதனை உணர்ந்த கணினி, பயணிகள் இருந்த வண்டியை நிறுத்தியது. கணினிதான் தவறு செய்துவிட்டது என்று கருதிய பணியாளர்கள், அதன் கட்டுப்பாட்டை மீறி வண்டியை அனுப்பினர். மோதலில் பலர் காயமுற்றனர். இளம்பெண்கள் இருவர் ஒரு காலை இழந்தனர். மறு ஆண்டு பூங்கா நிறுவனத்திற்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தனிப்பட்ட பணியாளர்களைவிட, அவர்களுக்குத் தெளிவான பயிற்சியும் நடைமுறையும் வழங்காத நிர்வாகமே பொறுப்பு என்பது அவ்வழக்கின் சாரம். இயந்திரம் சரியாகவே எச்சரித்தது. மனிதர்களின் நடைமுறைதான் தவறியது.

புதிய தொழில்நுட்பம் சில வேளைகளில் தரத்தைக் குறைக்கவும்கூடும். 2016ஆம் ஆண்டளவில், ரோலர் கோஸ்டரில் அமர்வோர் மெய்நிகர்க் காட்சிக் கருவியைக் கண்களில் அணிந்துகொள்ளும் முறை பல நாடுகளில் பரவியது. ஒரு தொடரில் 24 பேர் அமர்ந்து, நிமிடத்திற்கு ஒரு தொடர் புறப்பட்டால், மணிக்கு 1440 பேர் பயணம் செய்யலாம். கருவியை மாட்டவும் சரிசெய்யவும் கூடுதலாக ஒரு நிமிடம் எடுத்தால், அந்த எண்ணிக்கை 720ஆகக் குறைந்துவிடும். வெயிலில் காத்திருக்கும் வரிசையோ இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறையும் கருவியைத் துடைத்துத் தூய்மை செய்வதும் கூடுதல் வேலை. சில ஆண்டுகளில் பல பூங்காக்கள் அம்முறையைக் கைவிட்டன.

வரிசையைக் குறைப்பதிலும் புதுமை உண்டு. 1999இல் டிஸ்னி பூங்காக்கள், குறித்த நேரத்தில் திரும்பி வந்து சவாரி செய்யும் சீட்டு முறையை இலவசமாக அறிமுகப்படுத்தின. 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதன் இடத்தைக் கட்டண முறை பிடித்தது. இன்று நம் நாட்டுப் பூங்காக்களிலும் விரைவுச் சீட்டுகள் விற்கப்படுகின்றன. பணம் செலுத்தியோர் முன்னே செல்லும்போது, செலுத்த இயலாதோர் அதே வெயிலில் மேலும் நெடுநேரம் நிற்க நேர்கிறது. நிறுவனத்தின் வருமானத்தை உயர்த்தும் புதுமை, எல்லா வருகையாளர்களின் அனுபவத்தையும் உயர்த்திவிடாது.

மலாக்காவுக்கு இதிலிருந்து என்ன படிப்பினை? 1986இல் ஆயர் குரோவில் திறக்கப்பட்ட மினி மலேசியா பூங்காவில், 13 மாநிலங்களின் மரபு வீடுகளை நேரில் காணலாம். பின்னர் ஆசியான் நாடுகளின் வீடுகளும் அங்கே இடம்பெற்றன. அந்தக் கருத்து வேகமான சவாரிகளை நம்பியதன்று. ஆனால், மரவீடுகள் மழையையும் கறையானையும் எதிர்கொள்ள இடையறாத கவனிப்பைக் கோருகின்றன. மலாக்கா நகரில் 2008இல் திறக்கப்பட்ட தாமிங் சாரி கோபுரமும் கவனத்திற்குரியது. 110 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தில், சுழலும் காட்சியறை 80 மீட்டர் வரை ஏறி நகரையும் நீரிணையையும் காட்டுகிறது. முதலில் தேர்ந்தெடுத்த இடத்தில் அடித்தளப் பணி நடந்தபோது, டச்சுக்காரர் காலத்துக் கொத்தளம் ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. கோபுரம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது, கொத்தளம் மீட்டுருவாக்கப்பட்டது. புதுமை, பழமைக்கு வழிவிட்டது. அதனால், சுற்றுப்பயணிகளுக்கு இரண்டுமே கிடைத்தன.

பெரிய பூங்காக்களால் மட்டுமே கோடிக்கணக்கில் முதலிட முடியும். ஆகவே முன்னேற்றம் அவற்றிடமிருந்துதான் வரும் என்று வாதிடுவோர் உண்டு. இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால், முதலீடு ஒரு சவாரியை வாங்கித் தரும். அதனைப் பத்தாண்டுகள் கழித்தும் நம்பி ஏறச் செய்வோர் பயிற்சி பெற்ற பொறியியலாளர்களும் தொழில்நுட்பர்களும் துப்புரவுப் பணியாளர்களுமே. குருபோங்கிற்கு அருகே டுரியான் துங்காலில் மலாக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுதெம் அமைந்துள்ளது. இயந்திரவியலும் மின்னியலும் கற்கும் இவ்வட்டார இளைஞர்களுக்குப் பூங்காக்கள் விளையாடும் இடம் மட்டுமல்ல, பணியிடமாகவும் அமையலாம். ஒரு பூங்கா நொடித்து மூடப்படும்போது, அங்கே முதலில் பாதிக்கப்படுவோரும் இத்தகைய பணியாளர்களே.

ஆக, பெரிய பூங்காக்கள் புதுமையில் பின்தங்கிவிடவில்லை. தரத்தில்தான் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. வருகையாளர்களும் இதில் பங்காற்றலாம். புதிய சவாரி என்ன என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை சவாரிகள் இன்று இயங்குகின்றன, எவை பழுதுபார்ப்பில் உள்ளன என்பதையும் சீட்டு வாங்கும் முன் கேட்டறியலாம். பாதுகாப்புக்காக ஒரு சவாரி நிறுத்தப்பட்டால், சினம் கொள்ளாமல் காத்திருக்கலாம். அந்த நிறுத்தம்கூட தரத்தின் ஓர் அடையாளமே.

அருஞ்சொற்பொருள்
கொத்தளம் – கோட்டை மதிலிலிருந்து முன்னே நீண்டிருக்கும் காவல் அரண்
மெய்நிகர் – உண்மையைப் போலவே தோற்றமளிப்பது
உணரி – அசைவு, வெப்பம் போன்றவற்றை அறிந்து தகவல் தரும் கருவி
இணக்கம் – உடன்பாடு

கருத்துணர் வினாக்கள்
1. தரம், புதுமை ஆகிய இரண்டையும் கட்டுரை எவ்வாறு வேறுபடுத்துகிறது?
2. மேப்ஸ் பூங்கா மூடப்பட்டதற்கு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காரணமன்று என்பதை எச்சான்று காட்டுகிறது?
3. ‘இயந்திரம் சரியாகவே எச்சரித்தது, மனிதர்களின் நடைமுறைதான் தவறியது.’ இக்கூற்றை ஸ்மைலர் விபத்தைக் கொண்டு விளக்குக.
4. கட்டணம் செலுத்தி வரிசையைத் தாண்டும் முறை நியாயமானதா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. உமது வட்டாரத்தில் உள்ள பொழுதுபோக்கு இடம் ஒன்றின் தரத்தை மதிப்பிட ஐந்து அளவுகோல்களைக் குழுவில் கலந்துரையாடிப் பட்டியலிடுக.