சொல்லும் பொருளும்

அயல்மொழி பயில்வோர் அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது வழக்கம். அது நன்றே. எனினும், சொல்லின் உறுப்புக்களை மட்டும் நோக்கிப் பொருளை ஊகித்து அமைவது சில வேளைகளில் பெருந்தீங்கு விளைக்கும். இதனை ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு விளக்குவோம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால், சென்னையினின்று கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. ஆங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் பல உள. பெட்ரோல் முதலிய எரிபொருள்களை ஏற்றி அந்நெடுஞ்சாலை வழியே செல்லும் வண்டிகளின் பின்புறத்தே 'இன்ஃபிளேமபிள்' என்னும் சொல் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆங்கிலத்தில் 'இன்' என்னும் முன்னொட்டு எதிர்மறைப் பொருள் தரும் என மாணவர் கற்றிருப்பர். 'விசிபிள்' என்பது கண்ணுக்குப் புலனாவது. 'இன்விசிபிள்' என்பது புலனாகாதது. 'ஃபிளேமபிள்' என்பது தீப்பற்றுவது. அங்ஙனமாயின் 'இன்ஃபிளேமபிள்' என்பது தீப்பற்றாதது என ஒருவன் கருதிவிட்டால் என்னாகும்? உண்மையில் இவ்விரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. எளிதில் தீப்பற்றுவது என்பதே அது. அச்சொல் எழுதிய கலத்தினருகே அவன் அச்சமின்றித் தீக்குச்சியைக் கிழிப்பானாயின், அவன் உயிர் மட்டுமன்று, உடன் உழைப்போர் உயிரும் அழிய நேரும்.

இம்மயக்கத்திற்குக் காரணம் யாது? இலத்தீன் மொழியில் 'இன்' என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று இன்மையைக் குறிக்கும். மற்றொன்று 'உள்' எனப் பொருள்படும். இச்சொல் பின்னதன் வழி வந்தது. நம் வழக்கிலும் இதனை ஒத்த நிலை உண்டு. 'அநீதி' என்னும் வடசொல்லில் அகரம் எதிர்மறை. 'அந்நாள்' என்பதில் அது சுட்டு. 'அந்நாள்' என்பதற்கு 'நாள் அல்லாதது' எனப் பொருள் கூறுவார் உளரோ?

ஆங்கிலம் வழங்கும் நாட்டினரும் இதில் மயங்குவர் என அஞ்சியே, அமெரிக்க நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920ஆம் ஆண்டுகளில் 'ஃபிளேமபிள்' என்பதையே வழங்குமாறு வற்புறுத்தியது. நம் நாட்டிலோ, தீப்பற்றும் பொருள்கள் பற்றி 1952இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலும் பழஞ்சொல்லே இடம்பெற்றது. எனினும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் வைக்கவேண்டிய அறிவிப்புக்கள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. உயிர் காக்கும் சொல் உழைப்பவனுக்கு விளங்கவேண்டுமன்றோ?

ஆதலின், மாணவர்களே! புதிய சொல்லைக் கண்டால் அகராதியை நாடுங்கள். அது வரும் இடத்தை நோக்குங்கள். அதன் பொருளைத் தமிழில் எழுதி வையுங்கள். ஐயம் நீங்காவிடின் அறிந்தோரை வினவ நாணாதீர்கள்.