பாடுபவளுக்கும் கேட்க வேண்டாமா?

விழா மேடையில் நன்கு பாடும் மாணவியும் சில வேளை சுருதி விலகுகிறாள். தன் குரல் தனக்கே கேளாமை அதற்கு ஒரு காரணம். அவளை நோக்கி வைக்கப்படும் ஒலிபெருக்கியே 'மானிட்டர்'.

2012-இல் வெளிவந்த பெரிங்கர் எக்ஸ்32 என்னும் டிஜிட்டல் மிக்ஸரைக் காண்போம். அதில் 32 மைக் உள்ளீடுகளும், 'பஸ்' எனப்படும் 16 கலவைத் தடங்களும், 16 எக்ஸ்எல்ஆர் வெளியீடுகளும் உண்டு. அனலாக் மிக்ஸரில் எந்தக் கலவை எந்தச் சாக்கெட்டில் வரும் என்பது பெரும்பாலும் நிலையானது. இங்கோ அதை நாமே அமைக்கலாம்.

முதலில், பாடகிக்கு வேண்டிய குரலையும் ஆர்மோனியத்தையும் 1-ஆம் பஸ்ஸுக்கு அனுப்புக. அதை 'ப்ரீ ஃபேடர்' என வைத்தால், அவைக்குரிய ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மேடை ஒலி மாறாது. அடுத்து, 'ரூட்டிங்' பக்கத்தில் 1-ஆம் வெளியீட்டுக்கு 1-ஆம் பஸ்ஸைத் தெரிவு செய்க. பஸ்ஸின் ஃபேடரை முழுதும் இறக்கிவிட்டு, மானிட்டரை அந்தச் சாக்கெட்டில் இணைத்து, மெல்ல உயர்த்துக. திடீர்ப் பேரொலி செவிக்குக் கேடு.

ஒலி வரவில்லையா? பஸ்ஸின் மீட்டரைப் பாருங்கள். அது அசையாவிடில் குறை கலவையில் உள்ளது. அசைந்தால், ஃபேடர், ரூட்டிங், கம்பி, மானிட்டர் என வரிசையாகத் தேடுக.

மேடையேறுவோர் பலர், மிக்ஸரின் முன் அமர்வோர் சிலரே. அப்பணியையும் நம் மாணவியர் கற்கலாமே!