போர்ட்லண்டு மணற்கற் குழி

சிமெண்டு மூட்டையின் மேல் 'போர்ட்லண்டு' என்னுஞ் சொல்லைக் கண்டிராத சங்க அங்கத்தினர் அரியர். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லண்டு என்னுமிடத்துக் கல்லை ஒத்தது என்று காட்டுவதற்காகவே, 1824-ஆம் ஆண்டில் சிமெண்டிற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அதே பெயரைப் பூண்ட மற்றோர் ஊர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கின்றது. அவ்வூரின் மணற்கற் குழி ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலம் பலருக்குப் பிழைப்பளித்துப் பின்னர் நீர் நிரம்பிக் கைவிடப்பட்டது. அக்கல் உண்டான விதத்தையும் அது மதிப்பிழந்த காரணத்தையும் அறிதல், கல் வாங்கிக் கட்டடம் எழுப்பும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

கல் உண்டான விதம்

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்றாய் இணைந்திருந்த கண்டங்கள் பிளந்து விலகத் தொடங்கின. அப்பொழுது அப்பிரதேசத்தில் நிலம் தாழ்ந்து நீண்டதொரு பள்ளத்தாக்கு உண்டாயிற்று. கிழக்கிலிருந்த மேட்டு நிலத்தினின்று இறங்கிய ஓடைகள் மணலையும் வண்டலையும் கொணர்ந்து அதில் பரப்பின. ஒரு படிவின்மேல் மற்றொரு படிவு விழுந்து, மேற்பாரத்தால் அழுந்தியது. ஊறிச் சென்ற நீரிலிருந்த பொருள்கள் மணல் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கல்லாக்கின. இரும்புத் துருவின் சாயலே அக்கல்லுக்குச் செம்பழுப்பு நிறத்தைத் தந்தது. ஈரச் சேற்றில் நடந்த பழங்கால விலங்குகளின் மூவிரல் அடிச்சுவடுகள் இன்றும் அப்படிவுகளின்மேல் காணப்படுகின்றன.

ஆகவே மணற்கல் என்பது புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கடுக்காய் அமைந்தது. இதனை வாசகர்கள் மறவாதிருத்தல் வேண்டும். பின்வரும் செய்தி முழுவதும் இதனையே பற்றி நிற்கின்றது.

குழியின் வரலாறு

முற்காலத்தில் இவ்விடம் எதிர்க்கரையிலுள்ள மிடில்டவுன் ஊரைச் சேர்ந்திருந்தது. 1665-ஆம் ஆண்டில் அவ்வூரார் கூடி ஒரு தீர்மானம் செய்தனர். வெளியூரார்க்குக் கல் எடுத்துக் கொடுப்பவர் உள்ளூர்க் குடியாகவே இருத்தல் வேண்டும். டன் ஒன்றுக்கு 12 பென்சு ஊருக்குச் செலுத்துதலும் வேண்டும் என்பதே அது. பொதுச் செல்வம் ஊருக்குப் பயன்படாமற் போகலாகாது என்னும் முன்யோசனை அதில் விளங்குகின்றது.

ஆறு அருகிலிருந்தமையால் கல்லைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்கு முதலிய நகரங்களுக்கு அனுப்புதல் எளிதாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரச் செல்வர்கள் செம்பழுப்புக் கல் முகப்புள்ள வீடுகளையே பெரிதும் விரும்பினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், தொழில் உச்சத்திலிருந்த காலத்தில், மூன்று கம்பெனிகளின்கீழ்ச் சுமார் 1,500 பேர் வேலை செய்தனர். புதிதாய் வெட்டிய கல்லில் ஈரம் மிகுதியாதலின், அது உறைந்து கல்லைப் பிளந்துவிடும் என்று அஞ்சிக் கடுங்குளிர் காலத்தில் வேலையை நிறுத்தி வைத்தனர்.

மதிப்பிழந்த காரணம்

கல்லை வெட்டியவர் இத்துணை எச்சரிக்கையாயிருப்பினும், அதனைக் கட்டடத்தில் வைத்தவர் பலர் அங்ஙனம் இருந்திலர். செலவைக் குறைக்கக் கருதி, செங்கற் சுவரின்மேல் மெல்லிய கற்பலகைகளை முகப்பாகப் பதித்தனர். பூமியிற் படுத்திருந்த அடுக்குகள் சுவரில் நிமிர்ந்து நின்றன. புத்தகத்தைப் படுக்க வைத்தால் ஏடுகள் அழுந்தி நிற்கும். நிறுத்தி வைத்தால் வெளியேடு எளிதிற் பிரியுமன்றோ? அவ்வாறே அடுக்குகளின் இடையே மழைநீர் புகுந்து, குளிரில் உறைந்து விரிய, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. கல்லின்மீதே பழி வந்தது. அக்கல்லின் நாகரிகமும் மாறிற்று. எஃகும் சிமெண்டுக் கான்கிரீட்டும் வந்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன. தொழில் நலிந்திருந்த வேளையில் 1936-ஆம் ஆண்டின் வெள்ளமும் 1938-ஆம் ஆண்டின் புயலும் குழியை நீரால் நிரப்பின. 1990-களில் ஓரத்தில் சிறிய அளவில் மீண்டும் தொடங்கிய வேலையும் 2012-இல் நின்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார் அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்றனர்.

நாம் செய்யத்தக்கவை

நம் நாட்டில் உறைபனி இல்லையே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. நீரோடு புகும் உப்பும், உலரும்போது உள்ளே படிந்து விரிந்து, அடுக்குக் கல்லை அவ்வாறே உதிர்க்கும். ஆதலின் சங்கக் கிடங்கிற்கோ பள்ளிக்கோ அடுக்குக் கல் வாங்குவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. கல் பூமியில் இருந்தபோது எது மேற்பக்கம் என்பதற்குக் குழியிலேயே குறி இடச் செய்க. குறி இல்லையேல் கல்லை நனைத்துப் பார்த்தால் அடுக்கின் ரேகைகள் பெரும்பாலும் புலப்படும்.

2. சுவரில் அடுக்குகள் படுத்திருக்குமாறே கல்லை வைக்கச் செய்க.

3. வெட்டிய கல்லை ஈரம் ஆறவிட்டே கட்டுக.

4. நன்கு உலர்ந்த துண்டொன்றை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுக்க. எடை நூற்றுக்கு 5 பங்கிற்கு மேல் ஏறினால் அக்கல்லை ஈரம் படும் இடத்திற்குக் கொள்ளாதொழிக.

கொத்தனாரிடம் வேலையை ஒப்புவிக்கும் நாளிலேயே இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ளுதல் நலம். சுவர் எழும்பிய பின்னர்க் கல்லைத் திருப்பி வைத்தல் இயலாது.