மருத்துவப் படிப்பும் மேல்நிலைப் பாடத் தேர்வும்

ஒரு கிராமத்தில் பிறந்த மாணவரோ மாணவியோ மருத்துவராகத் திரும்பி வருவாராயின், அது அக்குடும்பத்திற்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்திற்கே நன்மை பயப்பதாகும். அத்தகைய விருப்பம் இன்று உழவர் வீடுகளிலும் கூலித் தொழிலாளர் வீடுகளிலும் தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அவ்விருப்பம் நிறைவேறுமா என்பது, பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகிப் பதினோராம் வகுப்பிற் சேரும் சில நாட்களிலேயே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. இதனைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. ஆகவே அதுபற்றிய செய்திகளை இங்கே தொகுத்துக் கூறுவது பயனுடையதாகும்.

வேண்டிய பாடங்கள்

எம்.பி.பி.எஸ். படிப்பிற்கு விண்ணப்பிப்பவர் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பவியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று தேறியிருத்தல் வேண்டும். தாவரவியல், விலங்கியல் என இரு பாடங்களாகப் பயின்றாலும் அது உயிரியலாகவே கொள்ளப்படும்.  சேரும் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளில் 17 வயது நிறைந்திருத்தலும் அவசியம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்தது. 2017 முதல் நீட் தேர்வின் மதிப்பெண்படி சேர்க்கை நடைபெறுகிறது. அத்தேர்வில் 180 வினாக்களுக்கு 720 மதிப்பெண்கள். இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். தமிழிலும் எழுதலாம். பாதி மதிப்பெண் உயிரியலுக்கே உரியதென்பதை மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும்.

எந்தப் பிரிவு?

‘முதல் குரூப்’, ‘இரண்டாம் குரூப்’ என்னும் பெயர்களை மட்டும் நம்பிச் சேரலாகாது. ஒரு பள்ளியில் முதல் குரூப் எனப்படுவது மற்றொரு பள்ளியில் வேறாக இருத்தல் கூடும். விண்ணப்பத்தில் எழுதியுள்ள நான்கு பாடங்களின் பெயர்களையும் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் என்னும் பிரிவில் உயிரியல் இல்லை. அதிற் சேர்ந்தவர் மருத்துவத்திற்குத் தகுதி பெறார். உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னர் எழுதித் தேறியவர்களையும் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது உண்மையே. ஆனால் அவ்வழியிற் காலமும் பொருளும் வீணாகும்.

கணிதத்துடன் உயிரியலும் உள்ள பிரிவு மருத்துவம், பொறியியல் ஆகிய இரு வாயில்களையும் திறந்து வைக்கும். எனினும் சுமை மிகுதி. கணிதமின்றித் தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவில் உயிரியலுக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பொறியியற் கலந்தாய்வுக்குக் கணிதம் வேண்டுமாதலால் அவ்வாயில் அடைபடும். கணிதத்தை விட்டவருக்கும் இயற்பியற் கணக்குகள் விலகிப் போவதில்லை. எனவே கணிதத்தில் ஓரளவு தேர்ச்சியுள்ள மாணவர் முன்னதையும், கணிதம் முற்றிலும் ஏலாதவர் பின்னதையும் தேர்வது தக்கது.

மருத்துவ இடம் எல்லோருக்கும் கிட்டுவதன்று. கிட்டாதபோதும், உயிரியல் பயின்றவருக்குக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியம், மருந்தியல் முதலிய துறைகள் உள்ளன. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்திற்கும் வேளாண்மைக்கும் மேல்நிலை மதிப்பெண் கொண்டே சேர்க்கை நடைபெறுகிறது. இவ்விரண்டும் கிராமத்திற்கு மிகவும் வேண்டியவையே.

எந்தப் பள்ளி?

பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020-இல் இயற்றப்பட்டது. இதன்வழி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கே இவ்வுரிமை உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியிற் பயின்று, பின்னர் அரசுப் பள்ளியில் தொடர்ந்தோரும் இதற்கு உரியவரே. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் அடங்கா.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை, நகைகளை அடகு வைத்து, நகரத்துத் தனியார் விடுதிப் பள்ளியிற் சேர்க்கும் தந்தையை எண்ணிப் பாருங்கள். அன்பினாலேயே அவர் அவ்வாறு செய்கிறார். ஆயினும் ஐந்தாண்டுகளாக அம்மாணவி சேர்த்து வைத்த உரிமை அந்த ஒரு மாற்றத்தால் அற்றுப்போகிறது. மீளப் பெற வழியுமில்லை. உள்ளூர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியற் பிரிவு இல்லையாயின், அப்பிரிவுள்ள வேறோர் அரசுப் பள்ளியை நாடுவதே அறிவுடைமை. பேருந்துப் பயணத்தின் தொல்லை, கடன்சுமையினும் சிறியதன்றோ?

இரண்டாண்டு உழைப்பு

நீட் தேர்வில் பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர் பாதிப் பாடத்தை இழந்தவராவர். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பாடநூல்களையும் மாநிலப் பாடநூலோடு ஒப்பிட்டுப் படித்தல் நலம். ஆறாம் வகுப்பு முதற்கொண்டு படித்த பள்ளிகளின் சான்றுகள், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்னதாகவே பெற்று வைத்தல் வேண்டும்.

ஊராரின் கடமை

இவை யாவும் ஒரு தலைமையாசிரியர் அரைமணி நேரத்திற் சொல்லிவிடக் கூடியவை. மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. மேல்நிலைச் சேர்க்கை தொடங்குவதற்கு ஏற்ற தருணம் அது. அன்று குடிநீர், சாலை பற்றிப் பேசும்போது, பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்து, அருகிலுள்ள அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் உள்ள பாடப்பிரிவுகளைப் படித்துக் காட்டச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் அச்செய்தியை வீடுதோறும் கொண்டு செல்லலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை; முன்னறிவும் அக்கறையும் போதும். திறமையுள்ள ஒரு பிள்ளை, சொல்வாரில்லாத காரணத்தால் வாய்ப்பிழந்தது என்ற பேச்சு நம் ஊர்களில் எழாதிருக்கட்டும்.